எட்டுப் பேரின் கணக்கை யார் சொல்வது?

(ஐதராபாத்தில் தொழிலாளர் பாதுகாப்பு குறித்து நடைபெற்ற கூட்டத்தில் தமிழில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இந்த நகரத்தின் மேற்கே, சங்காரெட்டி மாவட்டத்தில், படான்செருவை அடுத்து பாஷமைலாரம் தொழிற்பேட்டை இருக்கிறது. அங்கே சிகாச்சி இண்டஸ்ட்ரீஸ் என்ற நிறுவனத்தின் ஆலையில், 2025 ஜூன் 30, திங்கட்கிழமை காலையில் பெரும் வெடிப்பு ஏற்பட்டது. 54 தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அண்மைக் காலத்தில் இந்த மாநிலம் கண்ட மிகக் கொடிய தொழிற்சாலை விபத்து அது.

54 என்ற எண்ணை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அது இரண்டு எண்களின் கூட்டுத்தொகை. 46 பேரின் உடல்கள் அல்லது உடற்பகுதிகள் அடையாளம் காணப்பட்டு, குடும்பங்களிடம் ஒப்படைக்கப்பட்டன. எஞ்சிய 8 பேரின் ஒரு சிறு அடையாளமும் கிடைக்கவில்லை. தேடுதல் நிறுத்தப்பட்டபோது, அவர்கள் முற்றிலும் எரிந்து சாம்பலாகியிருக்கக்கூடும் என்று குடும்பங்களுக்குச் சொல்லப்பட்டது. இப்போது ஊருக்குத் திரும்பிப் போங்கள், மூன்று மாதங்கள் கழித்து வாருங்கள் என்றும் சொல்லப்பட்டது.

இன்று நான் அந்த எட்டுக் குடும்பங்களை முன்வைத்துப் பேச விரும்புகிறேன். இரங்கல் தெரிவிப்பதற்காக மட்டும் அன்று. வேலைக்குப் போன ஒரு மனிதர் திரும்பி வரவில்லை என்றால், அவர் என்னவானார் என்பதை நிரூபிக்க வேண்டியவர் யார் என்ற கேள்வியை எழுப்புவதற்காக. இன்றைய நிலையில் அந்தப் பொறுப்பு அவருடைய மனைவியின் தலையில் விழுகிறது. அது ஆலை முதலாளியின் பொறுப்பாக வேண்டும். என் உரையின் சாரம் இவ்வளவுதான்.

வெடித்தது எது?

அந்த ஆலையில் தயாரானது மைக்ரோ கிரிஸ்டலைன் செல்லுலோஸ் என்னும் தூள். மரக்கூழிலிருந்து எடுக்கப்படும் இந்த வெண்ணிறத் தூள்தான் நாம் விழுங்கும் மாத்திரைகள் பலவற்றுக்கு உருவமும் உறுதியும் தருகிறது. இதை வெப்பக்காற்றில் உலர்த்தும்போது நுண்ணிய துகள்கள் காற்றில் கலக்கின்றன. மூடிய இடத்தில் அத்துகள்கள் அடர்ந்து, வெப்பமோ தீப்பொறியோ சேர்ந்தால் காற்றே வெடிமருந்தாகிவிடும். மாவு ஆலைகளிலும் சர்க்கரை ஆலைகளிலும் நூறாண்டுகளுக்கு மேலாக உலகம் அறிந்த அபாயம் இது. அதைத் தடுக்கும் வழிகளும் தெரிந்தவையே: தூசி தேங்காமல் அகற்றுவது, வெப்பநிலையைத் தொடர்ந்து கண்காணிப்பது, வெடிப்பின் அழுத்தம் வெளியேற வழி அமைப்பது, உலர்த்தும் பகுதிக்கு அருகில் ஆட்களைக் குவிக்காமல் இருப்பது.

பழைய இயந்திரங்களை மாற்றும்படி தொழிலாளர்கள் முன்பே சொல்லியும் நிர்வாகம் பொருட்படுத்தவில்லை என்று, உயிரிழந்த தொழிலாளர் ஒருவரின் குடும்பத்தினர் காவல்துறையில் புகார் அளித்தார்கள். பொதுநல வழக்கு உயர்நீதிமன்றத்துக்குச் சென்றது. இத்தனை பேர் இறந்த வழக்கின் புலனாய்வு ஏன் இவ்வளவு மெதுவாக நகர்கிறது என்று நீதிமன்றமே கேட்க நேர்ந்தது. நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி கைது செய்யப்பட்டது டிசம்பர் இறுதியில். அதற்குள் ஏறத்தாழ ஆறு மாதங்கள் ஓடிவிட்டன.

இந்த நகரம் மருந்துத் தொழிலின் தலைநகரம் என்று பெருமை பேசப்படுகிறது. அந்தப் பெருமைக்கு அடித்தளமிட்டது சோவியத் உதவியுடன் இங்கே அமைந்த ஐ.டி.பி.எல். என்ற பொதுத்துறை நிறுவனம். அது நலிவடைய விடப்பட்டது. அங்கே வளர்ந்த தொழில்நுட்ப அறிவைக் கொண்டு தனியார் நிறுவனங்கள் தழைத்தன. பீகார், ஒடிசா, உத்தரப் பிரதேசம், ஜார்க்கண்ட் எனப் பல மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்களின் உழைப்பில் அவை லாபம் ஈட்டுகின்றன. பாஷமைலாரத்தில் இறந்தவர்களில் பெரும் பகுதியினர் அப்படி வந்தவர்களே.

உள்ளே எத்தனை பேர்?

வெடிப்பு நடந்த நேரத்தில் ஆலைக்குள் எத்தனை பேர் இருந்தார்கள்? மிக எளிய கேள்வி. ஆனால் முதல் நாட்களில் வெவ்வேறு எண்கள் வந்தன. காலை முறைக்கு உள்ளே நுழைந்தவர் யார், இரவு முறை முடிந்து வெளியேறியவர் யார், ஒப்பந்தக்காரர் அனுப்பியவர் யார் என்பதற்கு உடனடியாக ஒரே பட்டியலைக் காட்ட முடியவில்லை.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், வேலை செய்யும் ஒவ்வொருவரின் பெயரையும் வேலை முறையையும் பதிவேட்டில் எழுதி வைக்கச் சொன்னது. மாநிலம் விட்டு மாநிலம் வரும் தொழிலாளர்களுக்கான 1979ஆம் ஆண்டுச் சட்டம், புகைப்படம் ஒட்டிய கைச்சாத்துப் புத்தகம் ஒன்றை அவர்களுக்குத் தரச் சொன்னது. உயிரிழப்போ கடுங்காயமோ நேர்ந்தால் இரு மாநில அதிகாரிகளுக்கும் தொழிலாளியின் நெருங்கிய உறவினருக்கும் ஒப்பந்தக்காரர் தகவல் தர வேண்டும் என்றும் அச்சட்டம் கூறியது. ஆனால் நடைமுறையில் குடும்பங்களுக்குச் செய்தி எப்படிப் போகிறது? உடன் வேலை செய்யும் ஊர்க்காரர் ஒருவரின் கைப்பேசியிலிருந்து. அல்லது தொலைக்காட்சியிலிருந்து. கணவனின் எண்ணுக்கு மீண்டும் மீண்டும் அழைத்து, மறுமுனையில் ஒலி இல்லாததிலிருந்து.

பதிவேடு என்பது வெறும் காகிதம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். உடல் கிடைத்தவரின் குடும்பத்துக்கு உடலே சாட்சி. உடல் கிடைக்காதவரின் குடும்பத்துக்கு, அவர் அன்று காலை அந்த வாயிலுக்குள் நுழைந்தார் என்ற ஒரே ஒரு வரியே சாட்சி. அந்த வரி எழுதப்படவில்லை என்றால், அவர் இறந்ததை மட்டுமல்ல, அங்கே இருந்ததையே மனைவி நிரூபிக்க வேண்டியிருக்கும்.

சான்றிதழ் இல்லாத வீடு

கணவன் இறந்தான் என்று உறுதியாகத் தெரிந்த வீட்டில் துக்கம் வருகிறது. அழுகிறார்கள், சடங்கு செய்கிறார்கள், உறவினர் கூடுகிறார்கள். துயரம் பெரிதுதான், ஆனால் அதற்கு ஒரு நாள் இருக்கிறது, ஓர் இடம் இருக்கிறது. உடல் வராத வீட்டில் எதற்கும் நாள் இல்லை. தர்ப்பைப் புல்லால் உருவம் செய்து எரிக்கும் வழக்கம் நம் நாட்டில் உண்டு. அதைச் செய்தால் அவர் மரணத்தை நாமே முடிவுசெய்ததாகிவிடுமோ என்ற அச்சம் ஒரு பக்கம். செய்யாவிட்டால் ஊர் என்ன சொல்லுமோ என்ற அச்சம் மறுபக்கம். நெற்றிக் குங்குமத்தை வைத்திருந்தாலும் பேச்சு, அழித்தாலும் பேச்சு. வியட்நாம் போரில் காணாமல் போன படைவீரர்களின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் பாலின் பாஸ், இத்தகைய நிலைக்குத் தெளிவற்ற இழப்பு என்று பெயரிட்டார். முடிவு தெரியாததால் துக்கமே தொடங்க முடியாமல் நின்றுவிடுகிறது.

மனத்தின் நிலை இது என்றால், வாழ்க்கையின் நிலை என்ன? வங்கிக் கணக்கில் கணவனின் கடைசி மாத ஊதியம் கிடக்கிறது. எடுக்க இறப்புச் சான்றிதழ் கேட்கிறார்கள். வருங்கால வைப்புநிதிக்கு அதே கேள்வி. காப்பீட்டுக்கு அதே கேள்வி. வாரிசுச் சான்றிதழ் வாங்கவும் இறப்புச் சான்றிதழ் வேண்டும். மணமான சில ஆண்டுகளிலேயே கணவனை இழந்த பெண்ணுக்கு மாமனார் வீட்டு நிலத்தில் பங்கு கேட்கும் வலிமை ஏது? மத்திய அரசின் கைம்பெண் ஓய்வூதியத் திட்டம் 40 வயது நிரம்பியவர்களுக்கே பொருந்தும். அதில் மத்திய அரசு தரும் பங்கும் மாதம் 300 ரூபாய்தான். 25 வயதில் கணவனை இழந்தவள் சான்றிதழ் பெற்றாலும் அத்திட்டத்துக்கு உரியவள் ஆகமாட்டாள்.

பெரும் தொகைகள் அறிவிக்கப்பட்டதை நான் மறக்கவில்லை. இறந்தவர் குடும்பத்துக்கு ஒரு கோடி ரூபாய் கிடைக்கச் செய்வோம் என்று முதலமைச்சர் அறிவித்தார். நிறுவனமும் ஒரு கோடி என்றது. அறிவிப்பு ஒரே நாளில் நாடெங்கும் பரவிவிட்டது. அதனால் அந்தப் பெண்ணுக்குச் சுமை கூடியது. கோடி ரூபாய் பெற்றவள் என்று ஊர் அவளைப் பார்க்கிறது. கடன் கொடுத்தவர் வாசலில் நிற்கிறார், பணம் யாருக்கு என்று புகுந்த வீட்டுக்கும் பிறந்த வீட்டுக்கும் பூசல் மூள்கிறது. கையில் பணம் முழுமையாக வந்து சேரும் முன்பே அதற்கான பகை வந்து சேர்ந்துவிடுகிறது.

ஏழாண்டுச் சட்டம்

ஒருவரைப் பற்றி இயல்பாகக் கேள்விப்பட வேண்டியவர்கள் ஏழாண்டுகளாக எதுவும் கேள்விப்படவில்லை என்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவரே அதை நிரூபிக்க வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு இது. இப்போதைய பாரதிய சாட்சிய அதிநியமத்தில் 111ஆம் பிரிவு. ஆங்கிலேயர் காலத்தில் எழுதப்பட்ட விதி. வீட்டை விட்டுச் சொல்லாமல் போனவருக்கு அது பொருந்தலாம். வருகைப் பதிவு செய்து ஆலைக்குள் நுழைந்தவருக்கு எப்படிப் பொருந்தும்?

இதில் இன்னொரு கண்ணியும் உண்டு. ஆயுள் காப்பீட்டுக் கழகத்துக்கும் அனுராதா என்பவருக்கும் இடையிலான வழக்கில் 2004ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் ஒரு தீர்ப்பு அளித்தது. ஏழாண்டுகள் கழிந்தால் ஒருவர் இறந்துவிட்டார் என்று ஊகிக்கலாம். ஆனால் எப்போது இறந்தார் என்பதை அந்த ஊகம் சொல்லாது. அதைச் சான்றுகளால் தனியே நிரூபிக்க வேண்டும் என்பது அத்தீர்ப்பு. தொழிலாளியின் குடும்பத்துக்கு இதன் பொருள் என்ன? ஏழாண்டு காத்திருந்து பெறும் அறிவிப்பு, அவர் இன்ன நாளில், இன்ன ஆலையில், வேலை செய்துகொண்டிருக்கையில் இறந்தார் என்று சொல்லாது. அந்த நாளும் இடமும் இல்லாவிட்டால் தொழிலாளர் இழப்பீட்டு உரிமையும், ஈ.எஸ்.ஐ.யில் பதிவானவராக இருந்தால் ஊதியத்தின் 90 விழுக்காடு வரை சார்ந்தோருக்குக் கிடைக்க வேண்டிய மாத உதவியும் ஆட்டம் காணும். வேலையால் வந்த சாவு என்பதே அந்த உரிமைகளின் வேர்.

அதே சாட்சியச் சட்டத்தில் வேறொரு பிரிவு இருக்கிறது. பழைய எண் 106, புதிய எண் 109. ஒரு செய்தி குறிப்பாக ஒருவருடைய அறிவுக்கு உட்பட்டது என்றால், அதை நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது. ஆலையின் வாயில் யார் கையில் இருந்தது? பதிவேடு யார் கையில் இருந்தது? ஒளிப்படக் கருவிகளின் பதிவு யாரிடம்? ஒப்பந்தக்காரரின் பட்டியல் யாரிடம்? எல்லாம் முதலாளியிடம். நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் ஒரு சிற்றூரில் இருக்கும் மனைவியிடம் இருப்பது ஒரு கைப்பேசி எண் மட்டுமே. 109ஆம் பிரிவின் நியாயம் தொழிற்சாலை வாயிலில் செல்லாது என்று யார் சொன்னது?

மக்கள் வென்றெடுத்த வழி

செய்ய மனமிருந்தால் அரசால் செய்ய முடியும் என்பதற்கு முன்னுதாரணங்கள் இருக்கின்றன. தமிழ் பேசும் நமக்கு 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயல் நினைவிருக்கும். கன்னியாகுமரிக் கடலோரத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போன மீனவர்கள் பலர் திரும்பவே இல்லை. கடல் உடல்களைத் தரவில்லை. அந்த டிசம்பரில் மீனவ மக்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் அமர்ந்தார்கள். அவர்களில் பெண்கள் பெருந்திரளாக இருந்தார்கள். ஏழாண்டு காத்திருக்க முடியாது என்று அவர்கள் உரத்துச் சொன்ன பிறகே, காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கும் நிவாரணம் என்ற நிலைக்கு அரசு வந்தது.

2013ஆம் ஆண்டு உத்தராகண்ட் வெள்ளத்துக்குப் பின் ஒரு தனி நடைமுறை வகுக்கப்பட்டது. காணவில்லை என்ற புகார், அதன் மீது விசாரணை, பெயர்ப்பட்டியலை வெளியிட்டு மறுப்புக்குக் கால அவகாசம், பின்னர் இறப்புச் சான்றிதழ். 2021 பிப்ரவரி 7 அன்று சமோலியில் பனிப்பாறை சரிந்து, தபோவன் நீர்மின் திட்டத்தின் தொழிலாளர்கள் வெள்ளத்தில் மறைந்தபோதும் அதே நடைமுறை பயன்பட்டது. வயநாடு நிலச்சரிவில் காணாமல் போனவர்களை இறந்தவர்களாகக் கருதிக் குடும்பங்களுக்கு உதவி வழங்கக் கேரள இடது ஜனநாயக முன்னணி அரசு முடிவுசெய்தது.

இவை அனைத்தும் இயற்கைப் பேரிடர் என்ற தலைப்பின் கீழ், ஒவ்வொரு முறையும் தனியாக எடுத்த முடிவுகள். தொழிற்சாலைக்கும் சுரங்கத்துக்கும் நிலையான விதி இல்லை. 2018 டிசம்பரில் மேகாலயத்தின் எலிவளைச் சுரங்கத்தில் 15 பேர் சிக்கினார்கள். இருவர் உடல்களே மீண்டன. இதே தெலங்கானாவில், 2025 பிப்ரவரி 22 அன்று ஸ்ரீசைலம் இடதுகரைக் கால்வாய்ச் சுரங்கம் இடிந்து 8 பேர் சிக்கினார்கள். வாரக்கணக்கில் நீண்ட தேடலில் மீட்கப்பட்டவை இரு உடல்கள். நான்கு மாதங்கள் கழித்துப் பாஷமைலாரம். ஒரே மாநிலம், ஒரே ஆண்டு. உடலற்ற மரணங்கள் இருமுறை. இதை விதிவிலக்கு என்று இன்னும் எத்தனை காலம் சொல்வது?

சான்றிதழ் முடிவல்ல

சான்றிதழ் கேட்கும்போது நாம் ஒரு எச்சரிக்கையோடும் இருக்க வேண்டும். இலங்கையின் அனுபவம் அதைக் கற்றுத் தருகிறது. அங்கே போரிலும் அதன் முடிவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள் 2017 பிப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் தொடர் போராட்டம் தொடங்கின. மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைச் சான்றிதழ் வழங்க 2016இல் அங்கே சட்டம் வந்தது. வங்கி, காணி, ஓய்வூதியம் போன்ற தேவைகளுக்கு அது உதவும். ஆனாலும் தாய்மாரும் மனைவியரும் அதோடு அடங்கவில்லை. எங்கள் பிள்ளையை, கணவனை யார் கொண்டுபோனார், என்ன செய்தார் என்று கேட்டபடியே நிற்கிறார்கள். காஷ்மீரில் அரைக் கைம்பெண்கள் என்றே அழைக்கப்படும் பெண்களும் அதே கேள்வியோடு முதுமை எய்துகிறார்கள்.

அங்கே அரசின் ஆயுதம், இங்கே ஆலையின் அலட்சியம். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் பதில் சொல்ல வேண்டியவர்கள் காகிதத்தைக் கொடுத்துக் கேள்வியை மூடப் பார்ப்பது இரு இடத்திலும் நிகழக்கூடியதே. பணம் வாங்கிக்கொண்டாயிற்று, சான்றிதழும் கொடுத்தாயிற்று, இனி வழக்கு எதற்கு என்ற குரல் நாளை எழும். இழப்பீடு குடும்பத்தின் உரிமை. அது குற்றத்துக்கான விலை அன்று.

நம் முன் உள்ள கடமை

பாஷமைலாரம் வெடிப்பு நடந்து ஒன்பதாம் நாள், 2025 ஜூலை 9 அன்று, தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை எதிர்த்து நாடு தழுவிய பொது வேலைநிறுத்தம் நடந்தது. அதையும் மீறி நவம்பர் 21 அன்று மோடி அரசு அத்தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மின்சாரம் கொண்டு இயங்கும் இடத்தைத் தொழிற்சாலை என்று கருதுவதற்கான ஆள் எண்ணிக்கை 10இலிருந்து 20 ஆகிவிட்டது. ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் பொருந்த 20 பேர் போதும் என்றிருந்தது 50 ஆகிவிட்டது. ஆய்வாளர் இனி உதவியாளரும் ஆவாராம். நான் முன்பு சொன்ன 1948, 1979ஆம் ஆண்டுச் சட்டங்களும் இத்தொகுப்புகளுக்குள் கரைக்கப்பட்டுவிட்டன. பதிவேட்டுக்கு வெளியே நிற்கும் தொழிலாளர் கூட்டம் பெருகினால், உடலும் இல்லாத பெயரும் இல்லாத மரணங்கள் பெருகும்.

ஆகவே நாம் முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. வேலையிடப் பேரிடரில் உடல் கிடைக்காத தொழிலாளி, அதே நாளில் அதே இடத்தில் பணியின்போது இறந்தார் என்ற சட்ட ஊகம் வேண்டும். மறுப்பவர் முதலாளி என்றால் அவரே நிரூபிக்கட்டும். பதிவேடு இல்லை என்பது முதலாளிக்குச் சாதகமாகாமல் அவருக்கு எதிரான சான்றாகக் கொள்ளப்பட வேண்டும். சான்றிதழை மனைவி அலைந்து பெறாமல், மாவட்ட நிர்வாகம் அவள் வசிக்கும் ஊருக்கே கொண்டுசென்று சேர்க்க வேண்டும். அதில் நாள், இடம், காரணம் மூன்றும் எழுதப்பட வேண்டும். இழப்பீட்டுத் தொகை அவள் பெயரிலும் குழந்தைகள் பெயரிலும் நேரடியாகச் செலுத்தப்பட வேண்டும். குற்றவியல் வழக்கு அதனால் தளரக் கூடாது.

சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லாத வேலையும் நமக்கு உண்டு. நம் சங்கங்கள் இருக்கும் ஒவ்வொரு தொழிற்பேட்டையிலும், ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட, யார் எந்த முறையில் உள்ளே இருக்கிறார், அவர் ஊர் எது, வீட்டில் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்ற பட்டியலை நாமே வைத்திருப்போம். இந்தி, ஒடியா, வங்காளம் பேசும் தொழிலாளியிடம் அவர் மொழியில் பேசக்கூடிய தோழர்களை உருவாக்குவோம். மாதர் இயக்கத் தோழர்கள் இங்கிருந்து பீகாருக்கும் ஒடிசாவுக்கும் தொடர்பு கொண்டு, அந்தக் குடும்பங்களின் கதவைத் தட்டும்படி அங்குள்ள தோழர்களைக் கேட்டுக்கொள்ளட்டும். மூன்று மாதங்கள் கழித்து வாருங்கள் என்று அனுப்பப்பட்ட பெண், அலுவலகப் படிக்கட்டில் இனி தனியே நிற்கக் கூடாது.

46 பேரின் உடல்கள் குடும்பங்களிடம் சேர்ந்தன. எஞ்சிய எட்டுப் பேரின் கணக்கை முதலாளியிடமும் அரசிடமும் கேட்டு வாங்குவது தொழிற்சங்கத்தின் வேலை. அந்த வேலையை நாம் எடுத்துக்கொள்வோம்.